மேல்மாடிக்கு விட்ட கம்பி

எங்கள் பக்கத்து ஆம்பிளைக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கல்முனையைச் சுற்றித் தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் வீடு பெண்ணுக்குத்தான். மகள் கொஞ்சம் வளர்ந்ததுமே தகப்பன் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். கலியாணம் முடிந்ததும் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் பிறந்த வீடு என் தங்கச்சிக்குப் போனது. கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தேன். இப்போது முன்வீடு மகளுடையது, நாங்கள் இரண்டு பேரும் பின்வீட்டில். பிறந்ததிலிருந்து இந்த வயது வரைக்கும் யாரோ ஒரு பெண்ணின் கூரைக்குக் கீழேதான் தூங்கியிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் என் தொழிலே வீடு கட்டுவதுதான். நான் மேசன். தொழில் தெரிந்த மேசனை எங்கள் பக்கம் பாஸ் என்று கூப்பிடுவார்கள். கல்முனையில் பாஸ் என்றால் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். மற்றப் பாஸ்மாரும் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள். சாய்ந்தமருது, மருதமுனை, பாலமுனை என்று கடற்கரையோடு இருக்கும் முஸ்லிம் ஊர்களில் நான் கட்டாத தெரு குறைவு. அங்கே காணி சின்னது, பெண்பிள்ளைகள் அதிகம். அதனால் மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு அதன்மேல் ஒரு மாடி என்று திட்டம் போடுவார்கள். இளையவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். அவளுக்காகக் கீழ்வீட்டுத் தூண்களின் கம்பியை வெட்டாமல், கொங்கிறீட் கூரைக்கு மேலே ஆளுயரத்துக்கு நீட்டி விட்டுவிடுவோம். பள்ளிவாசல் மினாராவில் ஏறி நின்று பார்த்தால் எங்கள் ஊர்களில் பாதி வீட்டின் தலையில் கம்பி நிற்கும். அதைப் பார்த்தே எந்த வீட்டில் இன்னும் எத்தனை கலியாணமாகாத குமர் இருக்கிறது என்று கலியாணத் தரகர் கணக்குப் பார்த்துவிடுவார்.

எனக்கு ஒரே ஒரு மகள். ஆனாலும் அவளுடைய வீட்டின் மேலேயும் கம்பி விட்டேன். பார்க்கிறவனெல்லாம் கேட்டான். பாஸுக்கு இன்னொரு பிள்ளை எங்கேயாவது இருக்கிறதா என்று சாய்ந்தமருதுச் சந்தையில் வைத்தே ஒருவர் கேட்டார். எனக்கு மேலே கட்டுகிறவர் வேறே ஒருவர் இருக்கிறார், அந்த வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது, கம்பி சும்மா அடையாளத்துக்குத்தான் என்று பதில் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முஸ்லிம் ஆட்களுக்கு மறுமையைப் பற்றிச் சொன்னால் அரைச் சொல் போதும்.

நான் கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவன் என்று மட்டும் இல்லை, நம்புகிறவன். செத்தபிறகு எனக்கு ஒரு வீடு உண்டு, அதில் என் ஆண்டவர் இருக்கிறார் என்பது எனக்கு நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பது மாதிரி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் வாசல்படி மட்டும்தான் மிஞ்சியது. அந்தப் படியில் இருந்துகொண்டு, சரி, இது போகிற சாமான்தான், போகாத ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். மனைவி ஈரச் சேலையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, சேற்றுக்குள் கிடந்த அகப்பையை எடுத்துக் கழுவினாள். இரண்டு பேரும் விசுவாசிகள்தான். அவளுடைய விசுவாசம் அகப்பையும் கையுமாக இருக்கும்.

போன வருடம் மாரி தொடங்க முன்னர் எனக்கு நெஞ்சு பிடித்தது. சீமெந்து மூடையைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நான் எண்ணெய் பூசினேன். மகள் விடவில்லை, ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவர்கள் படம் பிடித்துப் பார்த்து, இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துக்கொண்டு வருகின்றன, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்யவேண்டும், தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்கள். செய்தால் நல்லாயிருக்க இடமுண்டு, செய்யாவிட்டால் எப்போது என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானும் வீட்டுக்காரர்களிடம் அத்திவாரத்தைப் பற்றி அப்படித்தான் கதைப்பேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயத்தில் சொல்லவில்லை, அதை எல்லாரும் நம்பவேண்டும். மகளைக் கொடுத்தாயிற்று, வீட்டைக் கொடுத்தாயிற்று. போகிற இடம் தெரியும், அழைக்கிறவரைத் தெரியும். ஒரு பழைய சுவரை ஒட்டுப்போட்டு இன்னும் கொஞ்சநாள் நிறுத்துவதற்காக இவ்வளவு வெட்டும் தையலும் எதற்கு என்று கேட்டேன். மகள் அழுதாள். மருமகன் நல்ல பிள்ளை, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்து இதையே சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். சனம் கண் துடைத்தது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது போதகர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு நிச்சயம் எல்லாருக்கும் கிடைக்காது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெண்கள் பக்கத்தில் என் மனைவி மட்டும் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. சோறு வரும், மீன் ஆணம் வரும், மாத்திரையும் தண்ணீரும் நேரத்துக்கு வரும், ஒரு சொல் வராது. முப்பது வருடத்துக்கு மேலே என் காதைத் தின்றவள் வாயை மூடினால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியார் வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. கடலில் வள்ளம் விட்டு வளர்ந்த மனிதர். அவருடைய மூத்த மகள்களுக்கெல்லாம் நான்தான் வீடு கட்டினேன். இப்போது கடைக்குட்டிக்கு நிக்காஹ் பேசி, கீழ்வீட்டின் மேலே மாடி எழுப்பவேண்டும். நான் தூக்கக்கூடாது, ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், வீட்டுக்கு வெளியே இருந்த கொங்கிறீட் படியில் ஒவ்வொன்றாக மெதுவாக ஏறிப்போய், கூரைமேலே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு வேலைக்காரரை ஏசிக்கொண்டிருந்தேன்.

அன்று பழைய கம்பிகளைத் திறந்தோம். கடற்காற்றில் கம்பியை வெறுமனே விட்டால் உப்பு தின்றுவிடும். அதனால் மாடி வரும் என்று தெரிந்த வீட்டில், கம்பிக்குச் சீமெந்துப்பால் பூசி, அதைச் சுற்றி வலுவில்லாத கலவையால் ஒரு மூடி போட்டுவிடுவது என் வழக்கம். வேளை வந்ததும் அந்த மூடியைச் சுத்தியலால் தட்டினால் உடைந்து விழும். தட்டினோம். உள்ளே கம்பி கடையிலிருந்து வந்த நாள் மாதிரியே கறுப்பாக, துருவே இல்லாமல் நின்றது. ஹாஜியார் குனிந்து தடவிப் பார்த்தார். மகள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது விட்ட கம்பி, நேற்று வைத்தது போல இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோசம்.

பிறகு பிளேன்டீ வந்தது. குடித்துக்கொண்டே ஒப்பரேசனைப் பற்றிக் கேட்டார். சபையில் சொன்ன சாட்சியை அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மறுமைதான் நிஜம், துன்யா என்கிற இந்த உலகம் நிலையில்லை, மௌத்து என்கிற சாவு எல்லாருக்கும் உண்டு, அதில் தனக்கும் எனக்கும் சண்டை இல்லை என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி பாஸ், மௌத்தப் பத்தி நீங்க கவலப்படல்ல. எண்ட மகள்ர மாடியப் பத்தி ஆர் கவலப்படுற?" என்று கேட்டார். வேலைக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பகிடி என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரம் மகள் என்னை முன்வீட்டுக்குக் கூப்பிட்டாள். விறாந்தை மூலையில் தூணை ஒட்டிச் சுவரில் மண்ணிறமாக ஒரு கறை இறங்கியிருந்தது. மழை ஒழுக்கு என்று அவள் நினைத்திருந்தாள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விரலால் தட்டினேன், பூச்சு உள்ளே காற்றுப் பிடித்த சத்தம் கேட்டது. ஒரு துண்டு உடைந்து கையில் வந்தது. தூணில் மேலிருந்து கீழாக மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மழை இப்படிச் செய்யாது. மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பியில் துரு ஏறி, அந்தத் துரு கம்பியோடே தூணுக்குள் இறங்கி, உள்ளே ஊதிக் கொங்கிறீட்டைப் பிளந்திருக்கிறது.

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் கம்பியை மூடிக் கொடுத்தவன் நான். என் மகளின் கூரையில் மட்டும் மூடவில்லை. அங்கே ஒருநாளும் மாடி வரப்போவதில்லையே, அது அடையாளம்தானே என்று விட்டுவிட்டேன். பரலோகத்தைக் காட்டுவதற்கு நட்ட கம்பி பிள்ளையின் தூணைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கம்பிப் பிரஷை எடுத்துக்கொண்டு, ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறினேன். ஏறக்கூடாது என்பது அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

மேலே துரு செதில் செதிலாக எழும்பி நின்றது. முதல் கம்பியைத் தேய்க்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சை யாரோ குறட்டால் பிடித்தது போல இருந்தது. பிரஷைப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். வியர்வை ஊற்றியது. வெயில் மேற்கே சாய்ந்திருந்தது, சாய்ந்தமருதுப் பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஒரு யோசனையும் ஓடவில்லை. ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். பயம் வரவில்லை, அதை இப்போதும் சத்தியம் செய்வேன். ஆனால் கீழே தூண் வெடித்தபடி கிடக்கிறதே என்று ஒரு அந்தரம், ஒரு தவிப்பு இருந்தது.

கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏணி கிறீச்சிட்டது. நான் கட்டிய எந்த வீட்டின் கூரைக்கும் ஏறாதவள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்து நின்றாள். கையில் நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரை. அதை வாயில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நெஞ்சு மெல்ல மெல்ல இளகியது. நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சாகப் பயமில்ல எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியுறீங்க," என்றாள். "எனக்கும் பயமில்ல. அந்த வீடு இரிக்கி எண்டு நானும் நம்புறன்."

பிறகு என்ன என்று கேட்டேன்.

"அந்த வீடு ஆர்ர வீடு?"

பரலோக வீடு யாருடையது என்று ஏன் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"நம்மட வழக்கத்தில வீடு பொம்புளைக்குத்தானே. ஆம்பிள பொஞ்சாதிர வீட்டுக்கு வாறவன்தானே. நான் வராம நீங்க முந்திப் போனா, அங்க உங்களுக்கு ஆர் கதவு திறக்கிற? நான் வருமட்டும் ரோட்டிலதான் நிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்தால் நெஞ்சு நோகுமே என்று அடக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். வீடு போன நாளில்கூட அழாதவள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்ட ஒருத்தரும் இடிக்கப் போறல்ல, பூட்டவும் போறல்ல. அது நிக்கும். எனக்கு இஞ்ச உங்கள விட்டா ஆர் இரிக்கா?" என்றாள்.

பரலோகத்தில் கிழக்கிலங்கை வழக்கம் செல்லாது என்று எனக்குத் தெரியும். போதகர் ஐயாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் அவள் கேட்டது வழக்கத்தை அல்ல, என் அவசரத்தை. முடிவில்லாத காலம் எனக்கு இருக்கிறது என்று நான்தானே சாட்சி சொன்னேன். அப்படி இருக்கிறவனுக்கு என்ன அவசரம்? கொஞ்சக் காலம்தான் இருக்கிறது என்று நினைக்கிறவன் அல்லவா அந்தரப்படவேண்டும். அந்த வீடு நிற்கும். அங்கே எனக்காக ஒருத்தரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. இங்கே ஒருத்தி ஏணியில் ஏறி வந்திருக்கிறாள். மேல்மாடி நிச்சயம் என்று தெரிந்த வீட்டில்தான் நான் கீழ்த்தூணை இன்னும் பத்திரமாக வைத்துக் கட்டினேன், என் தொழிலிலேயே அது இருந்தது. எனக்கு அது பிடிபட ஒரு தூண் வெடிக்கவேண்டியிருந்தது, ஒரு பெண் அழவேண்டியிருந்தது.

ஒப்பரேசனுக்குப் போவோம் என்றேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. முதலில் கீழே இறங்குங்கள் என்றாள். இரண்டு பேரையும் இறக்க மருமகன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று இரவு அவள் வாய் திறந்தது. விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்துக் கதைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாட்சி சொல்ல எழுந்தேன். என் நிச்சயம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு கல்லும் அசையவில்லை, ஆனால் ஒப்பரேசன் செய்யப்போகிறேன் என்றேன். இந்தமுறை யாரும் கண் துடைக்கவில்லை. சிலருக்கு முகம் சுருங்கியது, விசுவாசம் குறைந்துபோயிற்று என்று பின்னால் கதைத்தார்களாம். கதைக்கட்டும். ஹாஜியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் தொழுது துஆ செய்கிறேன் என்றார். அதோடு விடாமல், நிக்காஹ்வைப் பெருநாளுக்குப் பிறகு தள்ளிவைத்துவிட்டார். வேறு பாஸைப் பிடிக்கச் சொல்லி நானே சொல்லியும் கேட்கவில்லை. அந்த மாடி பிறகு முடிந்தது. பாதியைக் கதிரையில் இருந்தும் மீதியை நின்றும் முடித்தேன். மகளின் தூணையும் உடைத்துத் துருவைச் சுரண்டி, புதிதாக வார்த்தோம். மேலே கம்பியை வெட்டிவிடட்டுமா என்று வேலைக்காரன் கேட்டான். வெட்டவேண்டாம், மூடு என்றேன். இப்போதும் அது அங்கே நிற்கிறது, சீமெந்துச் சட்டை போட்டுக்கொண்டு.

ஒப்பரேசன் நாளன்று காலையில் என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது மனைவி கதவு வரைக்கும் வந்தாள். ஜெபம் செய்தோம். அது சின்ன ஜெபம். எழும்பினால் இவள் முகம், எழும்பாவிட்டால் அவர் முகம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டில் எது வந்தாலும் நட்டம் இல்லாத மனிதன் அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் பெருமைதான்.

கண் திறந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. சத்தம் இல்லை, நோவும் இல்லை, உடம்பே இல்லாத மாதிரி இருந்தது. வந்துவிட்டேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. மேலே பார்த்தேன். கூரைப் பூச்சு அலை அலையாக இருந்தது, ஒரு மூலையில் மட்டம் பிடிக்காமல் விட்டிருந்தான். என் ஆண்டவர் இப்படி ஒரு பூச்சைக் கையேற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இது பூமிதான் என்று முடிவுசெய்துகொண்டு திரும்பக் கண்ணை மூடினேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு மனைவியை விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கூரையைப் பற்றி நான் சொன்னேன். வெட்டித் தைத்துக் கிடக்கும்போதும் அடுத்தவன் வேலையில் குறை பிடிக்கிறீர்கள் என்று ஏசினாள். அப்படி ஏச்சுக் கேட்க எனக்கு நல்லாயிருந்தது. பல நாள் கழித்து டொக்டர் வந்து, போகலாம் என்றார். அவள் என் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"வீட்ட போவமா?"

"ஆர்ர வீட்ட?" என்றேன்.

"எண்ட வீட்ட," என்றாள்.